நண்பகலுக்குள் ஒரு நன்றிக் கடிதம்

அத்தியாயம் பதினாறு

நல்ல செய்தி வந்த வீட்டில் மூன்று நாளாகப் பேச்சு இல்லை.

செய்தி தெரிந்தவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள், இன்றுதான் வந்து உட்கார்ந்தவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவின் யாக்கிமா பள்ளத்தாக்கில் ஆப்பிள் பேக்கிங் கூடத்தில் பதினெட்டு வருடமாக நின்றுகொண்டே பழம் தரம் பிரிக்கும் கிரசியேலா என்கிற சேலா, நாற்பத்தாறு வயதில், வணிக நிர்வாகத்தில் இரண்டாண்டுப் பட்டம் வாங்கும் கடைசிப் படியில் நிற்கிறாள். இரண்டாண்டுப் படிப்பை அவள் ஐந்து வருடமாகப் படிக்கிறாள். பருவத்துக்கு ஒரு பாடம், தெம்பு இருந்தால் இரண்டு. இன்னும் பாக்கி ஒன்றே ஒன்று, வணிகச் சட்டம். அதை முடித்தால் ஜூனில் பட்டம். பட்டம் வந்தால் ஜூலையில் பேக்கிங் கூடத்து அலுவலகத்தில், பதினெட்டு வருடம் நின்ற கால்களுக்கு ஒரு நாற்காலி.

இதுவரை அரசாங்க உதவித்தொகை கைகொடுத்தது. ஆனால் இத்தனை பாடம் வரைதான் என்று அதற்கு ஒரு வரம்பு உண்டு. முதல் வருடம் முழுக்க ஆங்கிலப் பாடங்கள் எடுத்ததில் சேலா அந்த வரம்பைத் தொட்டுவிட்டாள். கடைசிப் பாடத்துக்குக் கட்டணம் எழுநூற்று முப்பது டாலர். புத்தகத்தைத் திறக்கும் ரகசிய எண்ணுக்குத் தனியாக நூற்று நாற்பது. அந்த எண்ணை இரவல் வாங்க முடியாது, பழசாகவும் கிடைக்காது. ஒருத்தர் ஒரு முறை திறந்தால் அதோடு சரி. வசந்தகாலத்தில் பேக்கிங் கூடத்தில் வேலை நேரம் பாதியாகிவிடும். கையில் இருந்தது போன மாதமே லாரியின் கியர்பெட்டிக்குள் போய்விட்டது.

அப்போதுதான் கல்லூரி நன்கொடை அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. பெயர் சொல்ல விரும்பாத ஒருவர் கொடுத்த நிதியிலிருந்து கட்டணமும் புத்தகமும் முழுதாகக் கட்டப்படும். ஒரே ஒரு நிபந்தனை. கொடுத்தவருக்கு ஒரு நன்றிக் கடிதம் எழுதித் தர வேண்டும். வியாழக்கிழமை நண்பகலுக்குள் அது வராவிட்டால் பணம் நிதிக்கே திரும்பும், வகுப்பில் இடமும் போகும்.

இன்று வியாழக்கிழமை.

காலை ஏழு மணிக்குக் கணவன் டமாசோ வந்தபோது சேலா சமையலறை மேசையில் காகிதங்களோடு உட்கார்ந்திருந்தாள். அவன் ஒரு பெரிய ஆப்பிள் தோட்டத்தில் மேஸ்திரி. பூப்பூக்கும் காலம் வந்துவிட்டால் இரவில் உறைபனி விழுந்து பூவைக் கருக்கிவிடும். அதனால் குளிரைத் தங்கவிடாமல் கலைக்கும் தோட்டத்துக் காற்றாடிகளை ஓட்ட இரவெல்லாம் ஆள் வேண்டும். ஐந்து வாரமாக அவன் வாரத்தில் நாலைந்து இரவு இப்படித்தான் வெளியே போய்க் காலையில் வருகிறான். கண் இரண்டும் மிளகாய் அரைத்த கையால் தேய்த்த மாதிரி சிவந்திருந்தது.

பூட்ஸைக் கழற்றினான். காப்பியை ஊற்றினான். மேசையில் இருந்த காகிதத்தைப் பார்த்தான்.

"இன்னும் அந்தக் கடுதாசியா?" என்றான். மூன்று நாளில் அவன் பேசிய முதல் வார்த்தை அது.

"இன்னும்தான்."

"கொடுக்கறவன் கொடுத்துட்டுப் போக வேண்டியதுதானே. கையில கடுதாசி வாங்கிக்கிட்டாதான் ஆச்சா? என் பொண்டாட்டி யார் முன்னாடியும் தலை குனிஞ்சு எழுதணும்னு தலையெழுத்தா?"

"நன்றி சொல்றது தலை குனியறதா, கிழவா?"

கல்யாணமான மறுநாளிலிருந்து அவர்கள் ஒருவரையொருவர் கிழவா, கிழவி என்றுதான் கூப்பிட்டுக்கொள்கிறார்கள். அப்போது அவளுக்கு இருபது வயது. கோபத்தில்கூட அந்த வார்த்தை தானாக வந்துவிடுகிறது.

"எழுதாதே கிழவி. அவ்வளவுதான் சொல்வேன்" என்று சொல்லிவிட்டுப் படுக்கையறைக்குப் போனான். கதவைச் சாத்தும்போதுகூட மெதுவாகத்தான் சாத்தினான். பதிமூன்று வருடப் பழைய கதவு, கொஞ்சம் வேகமாகச் சாத்தினால் கையோடு வந்துவிடும்.

சேலாவுக்கு அழுகை வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. எழுநூறு டாலரை மரத்திலிருந்து பறிக்க முடியும் என்று நினைக்கிறானா இந்த மனுஷன்?

மகள் இட்செல் தலையைத் துவட்டிக்கொண்டே வந்தாள். இருபது வயது. அதே கல்லூரி, அதே வணிக நிர்வாகம், போன பருவத்தில் அம்மாவோடு அதே கணக்கியல் வகுப்பு. அம்மா முதல் வரிசை, மகள் கடைசி வரிசை. இரண்டு பேரும் உறவு என்பது வகுப்புக்கு நாலாவது வாரம்தான் தெரிந்தது.

"எத்தனாவதும்மா இது?"

"ஒன்பதாவது. அவங்க கொடுத்த மாதிரிக் கடிதத்தைப் பாத்தா எனக்கு எழுத்தே ஓட மாட்டேங்குது. முதல் பத்தியில கஷ்டம், ரெண்டாவது பத்தியில கனவு, மூணாவதுல உங்க தயாள குணம். கல்யாணப் பத்திரிகை மாதிரி எல்லாத்துலயும் ஒரே வாசகம்."

"கொஞ்சம் அழும்மா. அழுதா அவங்களுக்குப் பிடிக்கும்."

"அழறதுக்கு எனக்கு எங்கடி நேரம்? ரெண்டு மணிக்கு ஷிப்ட்."

இட்செல் சிரித்துக்கொண்டே ஒரு காகிதத்தை இழுத்துப் பார்த்தாள். அலுவலகம் கொடுத்த தாளில் ஒரு கேள்வி அச்சிடப்பட்டிருந்தது: 'இந்தப் படிப்புக்கு நீங்கள் கொடுத்த விலை என்ன?'

"இதுக்குப் பதில் எழுதேன். தொகையா போட்டுடு. மொத்தம் என்ன ஆச்சு?"

"மொத்தம் பதிமூணாயிரம் கிட்ட. அதுல முக்கால்வாசி நான் கொடுக்கவே இல்லையே" என்று சொன்ன சேலா, அப்படியே நிறுத்தினாள். பிறகு புதுக் காகிதம் ஒன்றை எடுத்தாள். ஒன்பது காகிதத்தில் வராதது பத்தாவதில் ஒரே மூச்சில் வந்தது.

'மதிப்புக்குரியவருக்கு,

விலை என்ன என்று கேட்டிருக்கிறீர்கள். கட்டணத்தில் பெரும்பகுதியை அரசாங்கம் கட்டியது, அதற்கு நன்றி. ரசீதில் வராத விலையை நாலு பேர் கட்டினார்கள்.

என் கணவர் டமாசோ ஐந்து வருடமாக என் பரீட்சை வாரங்களில் தொலைக்காட்சியில் கால்பந்தாட்டத்தைச் சத்தமில்லாமல் பார்க்கிறார். கோல் விழுந்தால் தலையணையைக் கடித்துக்கொள்கிறார்.

என் மகள் இட்செல் பதினைந்து வயதில் எனக்குக் கணினியில் கணக்குப் போடக் கற்றுக்கொடுத்தாள். ஒரே விஷயத்தை நாற்பது முறை கேட்டேன். முப்பத்தைந்தாவது முறை வரை அவள் கத்தவில்லை.

என் பக்கத்தில் நின்று பழம் பிரிக்கும் எலோய்சா, நான் பாடத்தை வாய்விட்டுச் சொல்லிப் பார்க்கட்டும் என்று எனக்கும் சேர்த்துக் கையை ஓட்டுவாள். இப்போது தக்காளி விலை ஏறினால் கடைக்காரனுக்கு அவள் பொருளாதாரம் சொல்லித் தருகிறாள்.

எங்கள் மேலாளர் ஹோல்வெர்டா நான் கேட்காமலே என்னைப் பிற்பகல் ஷிப்டுக்கு மாற்றினார். நன்றி சொல்லப் போனால், உனக்காகச் செய்யவில்லை, வேலைக்கு வேண்டியிருந்தது என்று முறைத்தார்.

ஐந்தாவதாக நீங்கள் வந்திருக்கிறீர்கள். உங்களுக்கும் மனதார நன்றி.'

இட்செல் கடைசி வரி வரை படித்தாள்.

"முப்பத்தஞ்சு இல்ல, முப்பதாவது தடவையே கத்திட்டேன்" என்றாள் பிறகு. காகிதத்தை மடித்து அம்மாவிடமே கொடுத்தாள்.

கல்லூரி வராந்தாவில் பத்து அடி நடப்பதற்குள் மூன்று பேர் சேலாவை மறித்தார்கள். "டோன்யா சேலா, போன வாரக் குறிப்பு இருக்கா?" என்று மரியாதைப் பட்டம் சேர்த்துக் கேட்டவனுக்குத் தூக்கக் கண், இரவுக் காவல் வேலை பார்த்துவிட்டு நேராக வகுப்புக்கு வந்தவன். இன்னொருத்தி இடுப்பில் குழந்தையோடு நின்றாள். பாதிப் பேர் மகள் வயது, மீதிப் பேர் மகளைவிடச் சின்னவர்கள். முதல் நாள் அவளை ஆசிரியை என்று நினைத்து எழுந்து நின்றவர்கள்தான் இவர்கள். இப்போது தேர்வுக்கு முன்னால் அவள் கொண்டுவரும் இனிப்பு ரொட்டிக்கு அடித்துக்கொள்கிறார்கள். ஏழு கழுதை வயதில் கிடைத்த சிநேகிதர்கள் என்று சேலா அவர்களை வீட்டில் சொல்லிச் சிரிப்பாள்.

இட்செல் வகுப்புக்குப் போனாள். சேலா நன்கொடை அலுவலகத்துக்குப் போனாள். மணி பதினொன்று இருபது.

அலுவலகத்தில் இருந்தவர் ஜோயான் என்ற பெண்மணி. அறுபது வயது இருக்கும், கண்ணாடியைச் சங்கிலியில் கோத்துக் கழுத்தில் மாட்டியிருப்பார். கடிதங்களைச் சரிபார்த்து முத்திரை குத்துவது அவர் வேலை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். தலையணை வந்த இடத்தில் சத்தமாகச் சிரித்தார். கடைசி வரிக்கு வந்ததும் மறுபடி மேலே போய்ப் படித்தார்.

"ரொம்ப நல்லா இருக்கு சேலா. இத்தனை வருஷத்துல இப்படி ஒண்ணு வந்ததில்ல. ஆனா இந்தப் பேரையெல்லாம் எடுத்துடணும்."

"ஏன்? இவங்க எல்லாம் என் ஆளுங்க."

"விதி அப்படி. தன் பேர் வெளிய வரக் கூடாதுன்னு எழுதி வாங்கிட்டுக் கொடுத்திருக்காங்க. அப்படி இருக்கறப்ப கடிதத்துல அவங்க பேரே இருந்தா..."

ஜோயான் சட்டென்று நிறுத்தினார். கழுத்திலிருந்து காது வரை சிவந்தது.

அந்தக் கடைசிச் சொல் சேலாவின் காதில் நன்றாகவே விழுந்தது. வாங்கும் பணத்தின் கணக்கில் ஒரு வரியைக்கூடப் படிக்காமல் விடக் கூடாது என்று ஐந்து வருடம் படித்தவள் அவள். ஜோயானின் தலைக்கு மேல் சுவரில் ஒட்டியிருந்த அச்சுத்தாளைப் பார்த்தாள். யார் யார் எங்களிடம் படிக்கிறார்கள் என்று கல்லூரி வருடா வருடம் ஒட்டும் தாள். வணிக நிர்வாகம்: மொத்தம் முந்நூற்றுப் பன்னிரண்டு பேர். பத்தில் ஆறு பேர் பெண்கள். பத்தில் ஆறு பேர் மெக்சிகோவிலிருந்து வந்த குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். பாதிக்கு மேல் வேலை பார்த்துக்கொண்டே படிப்பவர்கள். சராசரி வயது இருபத்துமூன்று. நாற்பதுக்கு மேல், பதினொரு பேர்.

தன் கையில் இருந்த நிதிக் கடிதத்தை மறுபடி பிரித்தாள். யாருக்குக் கிடைக்கும் என்று அதில் நாலே தகுதி போட்டிருந்தது. பெண். நாற்பதுக்கு மேற்பட்டவர். வேலை பார்ப்பவர். வணிக நிர்வாகத்தில் கடைசிப் பருவத்தில் இருப்பவர். கிடைத்த சந்தோஷத்தில் அன்று அவள் அதை யோசிக்கவே இல்லை.

"ஜோயான், அந்தப் பதினொரு பேர்ல இந்த ஜூன்ல முடிக்கிற பொம்பளைங்க எத்தனை பேர்?"

"அதெல்லாம் நான் சொல்லக் கூடாதும்மா."

"ஒருத்திதானே?"

ஜோயான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அதில் தூசி எதுவும் இல்லை.

"மணி பதினொன்னு நாப்பது. எழுதுங்க சேலா. உங்க கையைப் பிடிச்சுக் கேக்கறேன், சீக்கிரம் எழுதுங்க."

ஊருக்கெல்லாம் தைத்த சட்டை என்று நினைத்து வாங்கிக்கொண்டாள். பார்த்தால் தோள், கை, நீளம் எல்லாம் அவளுக்கென்றே அளவெடுத்தது. அளவு தெரிந்த யாரோ ஒருவர் இந்த அலுவலகத்துக்கு வந்து, இந்த நாற்காலியில் உட்கார்ந்து, பெயரைச் சொல்லாமல் அவளை மட்டும் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். ஒன்பது கடிதத்துக்கு வராத கண்ணீர் இப்போது, நேரம் இல்லாத நேரத்தில் வந்து தொலைத்தது.

ஜோயான் கொடுத்த காகிதத்தில் எழுதினாள்.

'உங்கள் பெயர் எனக்குத் தெரியாது. தெரியக் கூடாது என்றார்கள், சரி. ஆனால் என்னைத் தெரிந்த ஒருவர்தான் நீங்கள். நான் யாருக்கெல்லாம் நன்றி சொல்ல வேண்டுமோ அது ஒரு சின்னக் கூட்டம், அதற்குள்ளேதான் இருக்கிறீர்கள். கையில் இருந்திருந்தால் அந்தக் கூட்டத்தில் எல்லோரும் கொடுத்திருப்பார்கள், அதுவும் எனக்குத் தெரியும். ஜூன் பதிமூன்றாம் தேதி பட்டமளிப்பு. முன்வரிசையில் நாலு நாற்காலி பிடித்து வைப்பேன். அதில் ஒன்று உங்களுடையது. வந்து உட்காருங்கள், யார் என்று நான் கேட்க மாட்டேன்.'

ஜோயான் படித்தார். உதட்டைக் கடித்துக்கொண்டார்.

"இதுல பேர் எதுவும் இல்ல" என்றார். முத்திரை விழுந்தபோது மணி பதினொன்று ஐம்பத்திரண்டு.

காரில் இட்செலிடம் எல்லாவற்றையும் கொட்டினாள்.

"நீயாடி?"

"நானா? என் கணக்குல முப்பத்தோரு டாலர் இருக்கும்மா. வேணும்னா அதைத் தரேன், எனக்கு ஒரு கடுதாசி எழுது." இட்செல் சாலையைப் பார்த்து ஓட்டிக்கொண்டே யோசித்தாள். "ஹோல்வெர்டாவா இருக்கும். முறைக்கிற ஆளுங்கதான் இப்படிச் செய்வாங்க."

"இருக்கும். எலோய்சாவாக்கூட இருக்கும். அவ சீட்டுப் பணம் போன மாசம்தான் கைக்கு வந்தது."

அப்பாவின் பெயரை இரண்டு பேருமே சொல்லவில்லை. கடுதாசி எழுதாதே என்று குதித்தவனை யார் அந்தக் கணக்கில் சேர்ப்பார்கள்?

வீட்டுக்கு வந்தபோது டமாசோ எழுந்திருந்தான். அடுப்பில் பச்சை மிளகாய் போட்டு முட்டையைக் கிளறிக்கொண்டிருந்தான். டோர்டியா ரொட்டிகளைச் சுட்டு அடுக்கியிருந்தான். சேலாவின் ஷிப்டுக்குத்தான். மூன்று நாள் பேசாத காலத்திலும் அந்தப் பொட்டலம் மட்டும் ஒரு நாளும் நின்றதில்லை.

"கொடுத்துட்டியா?"

"கொடுத்துட்டேன்."

அவன் முட்டையை ரொட்டியில் வைத்துச் சுருட்டி, தாளில் மடித்தான். கொஞ்ச நேரம் கழித்து, எதையோ கேட்காமல் இருக்க முடியாதவன் மாதிரிக் கேட்டான்.

"ஜோயான் என்ன சொன்னா?"

சேலா கழற்றிய செருப்பைக் கையில் பிடித்தபடியே நின்றாள். அந்தப் பெயரை அவள் இந்த வீட்டில் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. கடிதத்தின் அடியில் இருந்ததும் வேறு அதிகாரியின் கையெழுத்து. ஜோயானை, அந்த மேசைக்கு முன்னால் உட்கார்ந்தவர்களுக்கு மட்டும்தான் தெரியும்.

கொடுக்கறவன் கொடுத்துட்டுப் போக வேண்டியதுதானே. மூன்று நாளாக அவன் முறுக்கிக்கொண்டிருந்தது பணத்துக்காக இல்லை, கடிதத்துக்காக. கொடுத்தவனுக்கு நன்றி வேண்டாம், அதுவும் சொந்த மனைவியே மாதிரிக் கடிதத்தைப் பார்த்து எழுதும் நன்றி வேண்டவே வேண்டாம். அதை நிதியின் விதி கேட்கும் என்று பாவம், அவன் எதிர்பார்க்கவில்லை.

கேட்க மாட்டேன் என்று எழுதிக் கொடுத்து இன்னும் ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. சேலா கேட்கவில்லை.

"நல்லா இருக்குன்னு சொன்னா" என்றாள். பிறகு அவன் பக்கத்தில் போய் நின்றாள். "கிழவா, நன்றி."

"எதுக்கு?"

"முட்டைக்கு."

"முட்டைக்கெல்லாமா நன்றி சொல்வாங்க? பைத்தியம்" என்று அவன் அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான். ஆனால் காது இரண்டும் அசட்டுத்தனமாகச் சிவந்துவிட்டது. இருபத்தாறு வருடத்தில் சேலா அவனை இவ்வளவு விரும்பிய நாள் வேறு இல்லை.

ஒன்றரை மணிக்கு வாசலில் ஹார்ன் அடித்தது. எலோய்சா. இரண்டு பேரும் ஒரே காரில்தான் ஷிப்டுக்குப் போவார்கள். எலோய்சாவின் கணவன் நாச்சோ, டமாசோவின் கீழ் அதே தோட்டத்தில் வேலை செய்கிறவன்.

"ஏறுடி. என்ன முகமெல்லாம் கல்யாணப் பொண்ணு மாதிரி ஜொலிக்குது? சமாதானமா?"

"சமாதானம்தான்" என்று சேலா பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டாள். இன்னும் சூடாக இருந்தது. "பாவம் அந்த மனுஷன். ராத்திரியெல்லாம் காற்றாடியோட நின்னுட்டு வந்து, தூங்காம எனக்குச் சமைச்சு வச்சிருக்கான்."

எலோய்சா சாவியைத் திருப்பியவள் அப்படியே திரும்பிப் பார்த்தாள்.

"காற்றாடியா? இந்த வருஷம்தான் உறைபனியே இல்லையே. ரெண்டு ராத்திரிதான் ஓட்டினாங்க, அதுவும் போன மாசம். என் வீட்டுக்காரன் தினமும் ஒன்பது மணிக்கே குறட்டை விடறான்."

சேலா வீட்டைத் திரும்பிப் பார்த்தாள். சமையலறை ஜன்னலில் டமாசோ நின்று, தட்டுத் துடைக்கும் துணியோடு கையை ஆட்டினான். ஐந்து வாரமாக இரவில் தூங்காத முகம் அது. காசே இல்லாத வீட்டில் அந்த எண்ணூற்று எழுபது டாலர் எந்த இரவுகளில் சேர்ந்தது?

அவளும் கையை ஆட்டினாள்.